மூக்கின் வேலை

பதினாலு வருஷம்
என் மூக்குக்கு ஒரே வேலை.

லயத்துக் கானுக்கு அந்தப் பக்கம்
அவன் இருமும்போதே தெரியும்:
இன்றைக்குக் கசிப்பா, கடைச்சாராயமா,
தேர்தல்காரர் வாங்கிக் கொடுத்ததா,
என் தோட்டை வைத்து வாங்கியதா.
வாயில் ஏலக்காய் மணந்தால்
மறைக்க நினைத்திருக்கிறான் என்று பொருள்.
அன்றைக்கு அடி இல்லை, அழுகை மட்டும்.
எதுவுமே மணக்காத நாட்களில்தான்
எனக்குப் பயம் அதிகம்.

வேறெதையும் அது முகரவில்லை.
டிலானி பெரிய மனுஷியான அன்று
காம்பரா முழுக்க நல்லெண்ணெயும் மஞ்சளும் என்றார்கள்.
நான் கதவோரம் நின்று
காற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரட்டில் நான் தியாகு பொஞ்சாதி.
கொழுந்து மடுவத்திலும்,
கோயில் வரிப் பட்டியலிலும்,
கடன் கேட்டு வந்தவன் வாயிலும் அதுதான்.
நவமணி என்று ஒருத்தி
அடையாள அட்டையில் இருந்தாள்.
அட்டை அக்கரப்பத்தனையில்
ஒரு கடை லாச்சிக்குள் இருந்தது,
மூன்று போத்தல் கடனுக்கு.

அதை மீட்கப் போன அன்றைக்கே
நான் அவனை விட்டு ஓடிவிட்டதாக
லயத்தில் ஒரு கதை உண்டு.
பொய்.
திரும்பி வந்தேன், சோறாக்கினேன்,
அவன் துணிகளைப் பையில் போட்டு
வாசலில் வைத்தேன்.
மழை பிடித்தது.
போய் ஒரு தகரத்தை எடுத்து
பையை மூடினேன்.
ஏன் மூடினேன் என்று
இன்றைக்கும் தெரியவில்லை.

அவன் கொழும்புக்குப் போனான்.
அதன் பிறகு வந்த இரவுகளை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
ஒன்பது மணிக்கு எழுந்து உட்காருவேன்.
காது கான்வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு
சும்மா திரும்பி வரும்.

"உனக்கு என்ன கறிம்மா புடிக்கும்?"
டிலானி ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டாள்.
யோசித்தேன்.
அவன் தட்டை வீசிய கறிகள் எல்லாம் மனப்பாடம்.
என்னுடையதாக ஒன்றும் வரவில்லை.
"இரு, சொல்றேன்" என்றேன்.
மூன்று மாதமாயிற்று.

பெக்டரியில் இரவு வேலைக்கு ஆள் கேட்டார்கள்.
அரைத்த கொழுந்தைத் தரையில் பரப்பிவிட்டு
மணிக்கூட்டைப் பார்த்துக் காத்திருக்கும் வேலை.
முதலில் பச்சைப் புல் மணக்கும்.
அப்புறம் நறுக்கிய வெள்ளரி.
அப்புறம், பக்கத்து அறைக் கதவை
யாரோ திறந்த மாதிரி
சட்டென்று பழுத்த கொய்யா.

"இப்ப எடுக்கணும்."
வாய் தவறித்தான் சொன்னேன்.
இன்னும் ஏழு நிமிஷம் இருக்கிறது என்றார் டீமேக்கர்.
என்றவர் குனிந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்தார்.
நிமிர்ந்தார்.
அடுப்புப் பக்கம் கையைக் காட்டினார்.

யாரிடம் பழகினாய் என்று
சிங்களத்தில் கேட்டார்.
பதில் தொண்டைவரை வந்தது.
விழுங்கினேன்.
இதையும் அவன் கணக்கில் எழுத
எனக்கு மனசில்லை.
இது கூடப் பிறந்த மூக்கு.
அட்டையைப் போலத்தான்,
இத்தனை நாளும் அடகில் கிடந்தது.

இப்போது செக்ரோலில் என் பெயர் இருக்கிறது.
நவமனி என்று.
சுழி ஒன்று குறைகிறது,
திருத்தச் சொல்லி இரண்டு தடவை போயாயிற்று.
நாளைக்கும் போவேன்.

நேற்று அவன் போன் எடுத்தான்.
"உட்டு ஏழு மாசமாச்சு, சத்தியமா."
பழக்கத்தில் போனை
மூக்கருகே கொண்டுபோய்விட்டேன்.
பிளாஸ்டிக். என் வியர்வை.
உண்மையாக இருக்கலாம்.
இருந்தால் நல்லது, அவனுக்கு.
அதை முகர்ந்து சொல்ல
இனி வேறு ஆள் பார்க்கட்டும்.
"சரி" என்று மட்டும் சொல்லி
டிலானியிடம் கொடுத்தேன்.

அடுப்பில் பலாக்கொட்டையும் நெத்தலியும்.
மூடியைத் தூக்கினேன்.
ஆவி முகத்தில் அடித்தது.

"டிலானி, இந்தக் கறிதான்!"

அவள் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தாள்,
காதில் விழவில்லை.
பரவாயில்லை.
உப்புப் பார்த்தேன்.
இன்னும் கொஞ்சம் போடலாம்.