தீர்மான எண் 47

தீர்மானத்தைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள்.
கோத்தகிரி பேரூராட்சி, இளநிலை உதவியாளர்,
ஆங்கிலம் தெரிந்த ஒரே குற்றத்துக்காக நான்.

ஜப்பானில் ஒரு மலையூர், பெயர் கிரியோகா.
அவர்கள் மொழியில் கிரி என்றால் மூடுபனியாம்.
எங்கள் கிரி, கேரி தேய்ந்து வந்தது.
அங்கும் தேயிலை,
அங்கும் பிள்ளைகள் இறங்கிப் போய்த் திரும்புவதில்லை.
உறவுக்கு இது போதாதா என்றார் தலைவர்.

ஆங்கிலத்தில் சிஸ்டர் என்று சுலபமாக முடித்திருந்தார்கள்.
தமிழில் முடியவில்லை.
அக்கா என்று எழுத வேண்டும், இல்லையா, தங்கை.
நடுவில் நிற்க நம்மிடம் இடமில்லை.

சகோதரி என்று போடு என்றார் செயல் அலுவலர்.
அது மைக் பிடித்தவன் கூப்பிடும் பெயர்,
வீட்டில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை.
உடன்பிறப்பு என்றேன்.
ஒரு கட்சி மேசையைத் தட்டும்,
இன்னொன்று வெளிநடப்புச் செய்யும் என்றார்.
தேநீர் வந்தது, வர்க்கி வந்தது,
சொல் வரவில்லை.

வயதை வைத்துப் பார்ப்போம் என்றார் நான்காம் வார்டு போஜன்.
அவர்கள் ஊரின் வயது கடிதத்திலேயே இருந்தது:
எழுநூற்றுப் பன்னிரண்டு.
எங்களுக்கு?
வெள்ளைக்காரன் பங்களா கட்டிய நாளிலிருந்தா,
கோத்தர் கேரியில் முதல் உலை மூண்ட நாளிலிருந்தா,
ஹட்டியில் முதல் எருமையைக் கட்டிய நாளிலிருந்தா?
கூட்டம் அன்றைக்குக் கலைந்தது.
வெளியே பசுந்தேயிலைக்கு விலை கேட்டு
கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனக்குத் தெரிந்த ஒப்பந்தம் ஒன்றுதான்,
அறுபத்து நான்கில் இரண்டு அரசுகள் போட்டது.
அதில் அக்கா தங்கைப் பேச்சே இல்லை,
தலைக்கணக்கு மட்டும்.
அட்டன் பக்கம் அடுத்தடுத்த நிரையில்
கொழுந்து பறித்த இருவரில்
பூவாயிக்குப் பாஸ்போர்ட் வந்தது,
அங்கம்மாவுக்கு வரவில்லை.
தலைமன்னாரில் கப்பல் ஏறியவள் என் அம்மா.
இங்கே வந்தும் அதே செடி, அதே அட்டைக்கடி,
பக்கத்து நிரையில் ஆள்தான் வேறு.
பெரியம்மாவை நான் பார்த்தது
வாட்ஸ்அப்பில், இரண்டு முறை,
சிக்னல் கிடைத்த மட்டும்.

கார்த்திகையில் ஆறு பேர் வந்தார்கள்.
கரடி பிய்த்த ரேஷன் கடைக் கதவைக்
கோயில் சிற்பம்போல் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தார்கள்.
எங்களூரிலும் வரும் என்றார் ஹிசாயோ அம்மையார்,
அரிசிக்குத்தான்.
முதன்முறையாக எல்லோரும் ஒன்றாகச் சிரித்தோம்.
எங்கள் டஸ்ட் டீயை ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார்,
மரியாதையா வேதனையா, தெரியவில்லை.
அவர் கலக்கித் தந்த பச்சைத் தேநீரை
மாட்டுக்குக் கொடுக்கலாம் என்றார் போஜன்.
நல்லவேளை, மொழிபெயர்ப்பது நான்.

தீர்மானத்தில் காலியாய்க் கிடந்த இடத்தைக் காட்டினேன்.
எங்களுக்கும் இதே தொல்லைதான் என்றார்.
மூத்தவளுக்கு ஒரு சொல், இளையவளுக்கு ஒரு சொல்.
என் பேனாவை வாங்கி
உள்ளங்கையில் இரண்டு எழுத்து எழுதினார்.
இரண்டுக்கும் இடப்பக்கம் ஒரே குறி, பெண் என்று பொருளாம்.
இது அக்கா, இது தங்கை.
ஒட்டி எழுதிவிடுவோம்,
எந்த ஊர் எது என்று
இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படித்தது
அப்போதுதான் நினைவுக்கு வந்தது:
உம்மைத்தொகை.
அக்காவும் தங்கையும் என்பதில்
இரண்டு உம்மும் மறைந்துபோகும்,
மறைந்தாலும் பொருள் நிற்கும்.
அக்காதங்கை ஊர்கள் என்று எழுதினேன்.
ஏகமனதாக நிறைவேறியது.
போஜன்கூடக் கை தூக்கினார்.

இரவு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்,
கரடியை, பச்சைத் தேநீரை, அந்த இரண்டு எழுத்தை.
கேட்டுக்கொண்டே முழங்காலுக்குத் தைலம் தேய்த்தாள்.
பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்:
அவங்களுக்கு விசா
எத்தனை நாளில் கிடைத்ததாம்?