பி-14க்கும் பி-15க்கும் நடுவே

இருபது மீட்டருக்கு ஒரு துளை,
அதுதான் ஒப்பந்தம்.
கென்ட் நகரின் கால்வாயோரம்
நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுத்த பழைய ஆலையின் நிலத்தை
வரைபடத்தில் கட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.
வன்னெஸ் துளைப்பான்.
குழாயிலிருந்து நழுவும் மண்ணை
நீளவாக்கில் கிடத்தி,
கரண்டியால் கீறி, சீசாவில் அடைப்பது என் வேலை.
முகரக் கூடாது என்பது விதி.
மூக்கை எங்கே கழற்றி வைத்துவிட்டு வருவது?
தார், அந்துருண்டை,
நடுவில் எங்கோ பாதாம் மாதிரி ஒன்று.

பி-9இல்தான் முதலில் நீலம் வந்தது.
மண்ணுக்கு ஆகாத நீலம்.
ஓவியர்கள் காசு கொடுத்து வாங்குவது;
இரும்பும் சயனைடும் கட்டிப்பிடித்துக் கிடப்பது.
தெருவிளக்குக்குப் போகும் வாயுவைச் சுத்தம் செய்து
மிஞ்சிய சக்கையை
வேலியோரம் கொட்டி, கொட்டி,
மேலே கரித்தூள் பரப்பி
மறந்துவிட்டார்கள்.
வெளிச்சத்துக்கும் கழிவு உண்டு.
வன்னெஸ் தலைக்கவசத்தைத் தூக்கிச் சொறிந்தான்.
"அழகாத்தான் இருக்கு" என்றான்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
ஆனால் நிலம் ஒரே உலையில் வெந்ததில்லை.
பி-14 சுத்தம்.
பி-15 சுத்தம்.
இடையிலிருந்த இருபது மீட்டருக்கு
நான் ஒரு நேர்கோடு இழுத்தேன்.
கணினி அதற்குப் பச்சை அடித்தது.
கையெழுத்து என்னுடையது.

பிறகு லாரிகள்.
தோண்டிய நீலம் எங்கே போனது என்று கேட்காதீர்கள்,
அதற்கு வேறு படிவம்.
அடியில் ஆரஞ்சு வலை விரித்து
மேலே ஒரு மீட்டர் புது மண் கொட்டினார்கள்.
எரிவாயுத் தொட்டியின் இரும்பு வளையத்தை மட்டும் விட்டுவைத்து
அதற்குள் காப்பிக்கடை.
தரைத்தளத்தில் பேக்கரி, பல் வைத்தியர், சைக்கிள் பழுதுபார்ப்பவர்.
மேலே ஆறு மாடி.
கால்வாயைப் பார்க்கும் வீடுகள் விலைக்கு,
நெடுஞ்சாலையைப் பார்ப்பவை
வரிசையில் காத்திருந்தவர்களுக்கு.
விளம்பரப் படத்தில் ஒரு நாய் இருந்தது.
ஒப்பந்தத்தில் பதினோராவது பிரிவு இருந்தது:
ஒரு மீட்டருக்குக் கீழே தோண்டலாகாது.

நுராய் பதினோரு வருடம் காத்திருந்தவள்.
ஆஸ்பத்திரிச் சலவையறையில் இரவு வேலை.
சூப்பர்மார்க்கெட்டில் தள்ளுபடிக்கு வந்த அத்திக் கன்றை
ஆறு யூரோவுக்கு வாங்கி,
தூக்கம் வராத ஒரு பகலில்
கொல்லைப்புறத்தில் குழி தோண்டியிருக்கிறாள்.
வலை ஏற்கனவே கிழிந்திருந்தது,
கழிவுநீர்க் குழாய் பதித்தவனின் கைங்கரியம்.
கிழிசல் வழியே நீலம்.
வலையில் அச்சிட்டிருந்த எண்ணுக்கு அழைத்தாள்.
அந்த எண் என் மேசையில் அடிக்கும்.

டேப்பை இழுத்துப் பார்த்தேன்.
பி-14இலிருந்து பதினோரு மீட்டர்,
பி-15இலிருந்து ஒன்பது.
கோடு நேராகத்தான் இருந்தது.

"இது பெயிண்டா?" என்றாள்.
இல்லை என்றேன்.
ஆபத்தா என்று கேட்பாள் என நினைத்து
பதிலைத் தயாராக வைத்திருந்தேன்:
தொடாதவரை இல்லை, மழைநீர் இறங்கினால் பார்க்கலாம்,
அளவைப் பொறுத்தது.
அவள் கேட்டது வேறு.
"நான் இங்கேயே இருக்கலாமா?"

எழுதினால் முற்றம் முழுக்கத் தோண்டுவார்கள்.
மூன்று படிக்கட்டு வீடுகள் காலி,
ஒன்றரை வருடம்,
திரும்பி வருகையில் வரிசையில் அவள் எங்கே நிற்பாள்
என்று எந்தப் படிவத்திலும் இல்லை.
எழுதாவிட்டால்
மேல்மாடிப் பையன் ஒருவன் மண்வெட்டியோடு இறங்கி வருவான்.
பையன்கள் வருவார்கள்.

குழிக்குள் முழங்காலிட்டுக் கீறி எடுத்தேன்.
சீசாவில் இடத்தின் பெயர் எழுத வேண்டும்.
பதினான்குக்கும் பதினைந்துக்கும் நடுவே
எங்கள் கட்டத்தில் எண் கிடையாது.
நுராய் என்று எழுதினேன்.

உள்ளே போய் நகம் தேய்க்கும் பிரஷ் கொண்டுவந்தாள்,
முதலில் என்னிடம் நீட்டினாள்.
குழியைப் பலகையால் மூடினோம்.
அத்தி பிளாஸ்டிக் தொட்டியோடு படியில் நின்றது,
விலைச் சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை.
பலகைமேல் யாரோ அதற்குள்
சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஆய்வக வண்டி நாலு மணிக்கு.