விற்பனைக்கு அல்ல

ரூவி ஹை ஸ்ட்ரீட்டில்
எங்கள் கடையின் கண்ணாடி மேசைமேல்
ஏழு கைப்பேசிகள், வெள்ளை வயரில் கட்டுண்டு.
முதுகில் ஸ்டிக்கர்: விற்பனைக்கு அல்ல.
தொடலாம், திறக்கலாம், மடக்கலாம்.
ஒரு முழத்துக்கு மேல் இழுத்தால் அலறும்.

வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு
கலாவிலிருந்தும் மிஸ்ஃபாவிலிருந்தும்
கம்பெனி பஸ்கள் வந்து ஆளை இறக்கும்.
விலையை யாரும் கேட்பதில்லை,
எழுதித்தான் இருக்கிறது: ஐந்நூற்று நாற்பது ரியால்.
அதை அவர்கள் ரூபாயில் பெருக்குவதை
உதட்டசைவில் கண்டுபிடிக்க
எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

இருநூறு மெகாபிக்ஸல் என்பேன்.
மடக்கினால் சட்டைப்பை, விரித்தால் நோட்டுப் புத்தகம் என்பேன்.
நீங்கள் தமிழில் சொன்னால் அது அரபியில் சொல்லும் என்பேன்.
"சம்பளம் ஏன் வரலைன்னு கேக்குமா?" என்றார் ஒருவர்.
கேட்டது.
சுத்தமான அரபியில், ஒரு பெண்குரலில், மரியாதையாக.
கவர் பார்த்துக்கொண்டிருந்த ஓமானி திரும்பிப் பார்த்தார்.
எல்லோரும் சிரித்தோம்,
நான் கொஞ்சம் தாமதமாக.

கேமராவைத்தான் அதிகம் திறப்பார்கள்.
வயர் விடுகிற தூரம்தான் கை போகும்.
ஆகவே எல்லாப் படத்திலும் முகம் சற்றுப் பெரிசு,
பின்னால் அதே சார்ஜர் அடுக்கு,
அதே தீயணைப்புச் சிலிண்டர்.
"அனுப்ப முடியுமாண்ணே?"
சிம் கிடையாது. நெட்டைப் பூட்டி வைத்திருக்கிறோம்.
உடனே தங்கள் போனை எடுத்து
திரையில் இருக்கும் தங்களை
ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள்.
விரிசல் விழுந்த லென்ஸ் வழியே
ஐந்நூற்று நாற்பது ரியால் வெளிச்சம்
ஊருக்குப் போய்ச் சேரும்.

இரவு பத்தே முக்காலுக்கு, ஷட்டரைப் பாதி இறக்கி,
அழிப்பது என் வேலை.
ஈரத்துணியால் விரல் ரேகை. பிறகு கேலரி.
நூற்றுப் பன்னிரண்டு படங்களை நீக்கவா? என்று கேட்கும்.
பார்க்காமல் அழுத்து என்பான் ஷாஜி.
நான் பார்ப்பேன்.

எழுதுகோல் வைத்த பெரிய போனில்
ஒரு வெள்ளி, முகம் இல்லை, கோடுகள் இருந்தன.
பதினெட்டுக்கு முப்பது. ஹால். சமையல். படி வெளியே.
வாசலில் 'கி' என்று ஒற்றை எழுத்து.
அழிக்கப் போன விரல் நின்றது.

அடுத்த வாரம் ஆளைப் பார்த்தேன்:
காத்தமுத்து, சாரம் கட்டுகிறவர்.
எழுதுகோலைக் கட்டுக்கம்பி மாதிரிப் பிடித்திருந்தார்.
கழிவறையை இடப்பக்கம் நகர்த்தினார்.
அதற்கடுத்த வாரம் வலப்பக்கம்.
வீட்டில் சம்மதிக்கவில்லையாம்.

நான் ஒரு வித்தை காட்டினேன்.
கோட்டைச் சுற்றி வட்டமிட்டால்
செயற்கை அறிவு அதை நிஜப் படமாக்கும்.
எழுந்தது வீடு:
நீச்சல்குளம், நாலு பேரீச்சை, கருப்புக் கார்.
வெகுநேரம் பார்த்தார்.
"கார் நிக்கிறது பக்கத்து வீட்டுக்காரன் இடம்" என்றார்.
"பழசையே கொண்டாங்க."

செப்டம்பரில் புதுசு வந்தது. மூன்றாய் மடிவது.
பழைய டெமோவை ரீசெட் செய்து
துபாய்க்குத் திருப்ப வேண்டும்.
காத்தமுத்து நாலு வெள்ளியாய் வரவில்லை.
துக்ம் பக்கம் சைட்டு மாத்திட்டாங்க என்றார் கூட வருகிறவர்.
நம்பர் கொடுத்தார்.
அது அணைந்து கிடந்தது.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
என் போனை எடுத்து
திரையில் இருந்த வீட்டை ஒரு படம் எடுத்தேன்.
நேராக எடுத்தால் டியூப்லைட் விழுந்தது, சாய்த்து எடுத்தேன்.
பிறகு, எல்லாவற்றையும் அழிக்கவா?
ஆம்.
உறுதியாகவா?
ஆம்.

பஸ்ஸில் பெரிதாக்கிப் பார்த்தேன்.
கழிவறை கடைசியில் இடப்பக்கம்தான்.
ஹாலின் நடுவே, கண்ணாடியில் விழுந்து,
என் நெற்றியும்
எங்கள் கடைத் தீயணைப்புச் சிலிண்டரும்.