இரண்டும் இடது

பாதுகாப்பு உடுப்பின் மார்பில் மார்க்கரால் என் பெயர்:
துயெத். வியட்நாமிய மொழியில் வெண்பனி.
முகம் தெரியாத மாதங்களில் எழுத்துதான் முகம்.

பதினேழாம் படுக்கை ஸெனோன்
ஆக்சிஜன் முகமூடியை நகர்த்திவிட்டுக் கேட்கிறார்,
"இது எந்த இடம்?"
கால்பந்து அரங்கம் என்கிறேன்.
"யார் ஜெயிக்கிறார்கள்?"

இந்த அரங்கத்தைப் பற்றி வார்சாவில் யாரும் சிரிப்பார்கள்.
கூரையை மூடாமல் விட்ட ஒரு மழை இரவில்
இங்கிலாந்து ஆட்டம் நின்றுபோக
புல்லில் தேங்கிய நீரில் ஒருவன்
வயிற்றால் வழுக்கிக்கொண்டு போனான்.

என்னுடையது இதற்கு முந்தையது.
அந்த மேடு மண்மேடு அல்ல.
போரில் நொறுங்கிய ஊரை லாரி லாரியாக
விஸ்துலாவின் வலக்கரையில் கொட்டி
கிண்ணமாக வளைத்தார்கள், பதினோரு மாதத்தில்.
யாருடையதோ படிக்கட்டு, யாருடையதோ அடுப்பு,
அதன்மேல் பெஞ்சு, பெஞ்சின்மேல் ஜனம்.
பந்து, சைக்கிள் பந்தயம், அறுவடை விழா,
ஒருமுறை பெரிய பூசை.
பிறகு பெஞ்சுகளுக்கு நடுவே புல்.

பிறகு நாங்கள்.
காற்று அறையும் உச்சி விளிம்பில் அப்பாவின் தகரக் கடை.
காலுறை, கடிகாரம், சப்பாத்து.
விடிகாலை மூன்றுக்கே ரஷ்ய மொழியில் பேரம்.
கீழ்வரிசையில் அம்மாவின் ஃபோ கொதிக்கும்,
ஆட்டம் பார்க்க யாரும் வராத அரங்கத்தில்
நான் இருக்கை எண்களைப் படித்து எண்ணக் கற்றேன்.

மறுநாள் ஸெனோன் என் மார்பை எழுத்தெழுத்தாகப் படிக்கிறார்.
"வியட்நாமா? தொண்ணூற்று நாலில் உங்கள் ஆள் ஒருவன்
எனக்குச் சப்பாத்து விற்றான்.
பழுப்பு, நாற்பத்திரண்டு.
வீட்டில் போய்ப் பிரித்தால் இரண்டும் இடது!"

கண்ணாடிக்குள் ஆவி படர்கிறது.
துடைக்க முடியாது.

எங்கள் அலமாரியின் மேல் ஓர் அட்டைப் பெட்டி.
பழுப்பு, நாற்பத்திரண்டு, இரண்டும் வலது.
வேலி போட்டு, புல்டோசர் வந்து,
கடையை ஒழித்த அன்று
அப்பா முதலில் தூக்கியது அதைத்தான்.
மூன்று வீடு மாறிவிட்டோம்.
தூக்கிப் போடச் சொன்னால், "வருவான்" என்பார்.

அந்தச் சந்தையில் தப்பு ஜோடி விற்றவர்கள்
எத்தனை பேரோ.
"என்ன செய்தீர்கள் அந்தச் சப்பாத்தை?"
"போட்டுக்கொண்டேன். குளிர்காலம் முழுக்க.
வலது கால் இன்னும் உள்ளே திரும்பித்தான் நடக்கிறது."

சிரித்ததில் இருமல் வருகிறது.
திரையில் எண் இறங்குகிறது: எண்பத்தொன்பது.
முகமூடியைப் பொருத்துகிறேன், காற்றைக் கூட்டுகிறேன்.
எண்பத்தொன்பது.
தொண்ணூறு.
ஷிப்ட் முடிய இன்னும் நாலு மணி நேரம்.
அப்பா தூங்கியிருக்க மாட்டார்.