மிஞ்சிய சுக்கு

ஜனவரி. காலை ஐந்து பத்து.
யமுனா பேங்க் நிலையத்தில்
தண்டவாளம் நாலடிக்கு மேல் தெரியவில்லை.
டிக்கெட் கவுண்டரின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
பல்ஜீத் கௌர் ஃபிளாஸ்க்கைத் திறக்கிறாள்.
சுக்கு, மிளகு, நாலு கிராம்பு,
அடியில் கரையாத வெல்லம்.
மூடியில் ஊற்றி நீட்டுவாள்.
"பீ லே, மதராஸி. எலும்பு வரை போகும்."

போனது.
எலும்பு வரை அல்ல,
நெஞ்சுக்குழி வரை.
அங்கேயே குந்தி அடுப்பு மூட்டியது.

மூன்றாம் வாரம் நாக்கோரத்தில் இரண்டு புண்.
நொய்டாவுக்கு ஒன்று கேட்ட பெரியவரிடம்
சில்லறைக்காக எரிந்து விழுந்தேன்.
ஊரே கம்பளிக்குள் நடுங்க
நான் மட்டும் ராத்திரி இரண்டு மணிக்கு
ரஜாய்க்கு வெளியே ஒரு காலை நீட்டிக்கொண்டு
விட்டத்தைப் பார்த்துக் கிடந்தேன்.

சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை என்பார்கள்.
மிஞ்சிய சுக்குக்கு
மருந்து எதென்று
ஒருவரும் சொல்லி வைக்கவில்லை.

மயூர் விஹாரில், ஏடிஎம்முக்கு மேல் மாடி.
டாக்டர் பிந்து மூன்று விரல் வைத்து
என் மணிக்கட்டைக் கேட்டாள்,
கதவுக்கு அந்தப் பக்கம் நடக்கும் பேச்சை
ஒட்டுக் கேட்பதுபோல.
பிறகு ஒரு படிவம்.
பசி பொறுப்பீர்களா? மாட்டேன்.
முதல் நரை? இருபத்தாறில்.
வெயில் ஆகுமா? ஆகாது.
கோபம்?
பேனா தானாகவே அழுத்தி எழுதியது.
"பித்தம்" என்றாள்,
என் இனிஷியலைச் சொல்வதுபோல.

"உங்கள் தோழி எப்படி?"
ஒல்லி. எந்நேரமும் சில்லிட்ட விரல்.
உட்கார்ந்து எழுந்தால் சொடுக்குப் போடும் முட்டி.
ஒரு பேச்சை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவுவாள்.
"அவளுக்கு அது போர்வை.
உங்களுக்கு எரிகிற வீட்டில் இன்னொரு கொள்ளி."

அறவே கூடாதா என்றேன்.
தோல் சீவியதாக ஒரு சிட்டிகை,
அதற்கு நாலு பங்கு மல்லி,
சாப்பிட்ட பிறகு மட்டும்,
வெறும் வயிற்றில் ஒருநாளும் இல்லை,
அதுவும் நாக்குப் புண் ஆறின பின்பு.
எழுதிக்கொண்டே போனாள்.
சுக்குக்குப் புறநஞ்சு. அது எனக்குத் தெரியும்.
எனக்கு எது நஞ்சென்றுதான்
நாற்பத்தொரு வயதில் தெரிகிறது.

படிவத்தின் கடைசி வரியை
வெற்றாக விட்டிருந்தேன்: வேறு மருந்து ஏதேனும்?
இருக்கிறது. ராத்திரி ஒன்று.
போன வருஷம் இடது காலில்
ரத்தம் உறைந்ததற்கு.
ஆயுர்வேதத்தில் அதைப் போய்ச் சொல்வானேன் என்று.

அவள் பேனாவை மூடினாள்.
"இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.
வாதம் பித்தமெல்லாம் அதற்குப் பிறகு.
அந்த மாத்திரை கொடுத்தவரைக் கேட்டு வாருங்கள்.
அதுவரை இந்தக் கஷாயம்
ஒரு மடக்குகூட வேண்டாம்."
எழுதியதைக் குறுக்கே அடித்தாள்.
முந்நூறில் பாதிதான் வாங்கினாள்.

மறுநாள் ஐந்து பத்து.
அதே பனி. மூடி நீள்கிறது.
சொல்லியிருக்கலாம்.
பித்தத்துக்கு ஹிந்தியில் வார்த்தை இருக்கிறது.
உறைந்த ரத்தத்துக்கும் இருக்கும்.
மூன்று மணிக்கு எழுந்து
எனக்கும் சேர்த்து இடித்தவளிடம்
வேண்டாம் என்பதற்குத்தான்
நான்கு மொழி தெரிந்தும் வாய் வரவில்லை.

இரண்டு கையாலும் வாங்கினேன்.
உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டேன்,
முதல் ரயிலின் வெளிச்சம்
பனியில் மஞ்சளாகக் கரையும் வரை.
சூடு விரல்வழி ஏறி
முழங்கைக்கு வந்து நின்றது.
"ஆறிடும், குடி."
"நீ குடி" என்று திருப்பிக் கொடுத்தேன்.

மூடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
ஒரே மூச்சில் குடித்துவிட்டு
என் கையைத் தொட்டுப் பார்த்தாள்.
சூடாகத்தான் இருந்தது.
அவள் விரல்தான்
இன்னும் சில்லென்று.