கடைசி வரிசை

புதன்கிழமை உரைகளுக்கு ஒன்று விடாமல் வருகிறவர்
எங்கள் சட்டக் கல்லூரியில் ஒருவர்தான்.
அவர் மாணவர் இல்லை.

ஏசியின் ஒழுகலுக்கு வாளி வைத்த இடத்தில்
அடுத்த நாற்காலி அவருடையது.
கட்டம் போட்ட சட்டை, செருப்புக்குள் காக்கி சாக்ஸ்.
அந்த சாக்ஸை மாற்றச் சொல்லி
இவர்கள் துறையில் ஏன் யாருக்கும் தோன்றவில்லை
என்று முதல் நாளே நினைத்தேன்.

வருகைப் பதிவேட்டில் பெயர் என்ற கட்டத்தில்
'பொதுமக்கள்' என்று எழுதுவார்.
பன்மையில்.

மசோதாவை ஆளுநர் எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்றபோது இருந்தார்.
கட்சித் தாவல் உரையன்று தரமணியில் முழங்கால் தண்ணீர்.
பேச்சாளர், மைக்செட்காரர், நான்,
பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு அவர்.
அறுபது பேருக்குச் சொன்ன சமோசாவில் ஏழு தின்றார்.

உரை ஆங்கிலத்தில்.
அறிக்கை தமிழில் போகவேண்டும், இரவு பத்துக்குள்.
"மேடம், புரொபோர்ஷனாலிட்டின்னாரே, அது என்னா?"
தகவுப் பொருத்தம் என்று சொல்லிப் பார்த்தேன்.
பேனா நகரவில்லை.
"கொசு அடிக்கப் பீரங்கி கூடாதுன்னு அர்த்தம் சார்."
எழுதிக்கொண்டார்.
அன்றிரவு எங்கோ ஓர் உயரதிகாரி
சட்டக் கல்லூரியில் பீரங்கி பற்றிப் பேசினார்கள் என்று படித்து
நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

அந்தரங்க உரிமை பற்றிய உரை முடிந்தபோது
அவர் நோட்டில் என்னைப் பார்த்தேன்.
ஏற்பாட்டாளர்: எப்சி, பா.
ஐந்தாம் ஆண்டு. வியாசர்பாடி. தெருப் பெயர் சரி.
"பா இனிஷியல் இல்லை சார், பேரிலேயே வருது. எப்சிபா.
இனிஷியல் கோ."
அடித்து, மேலே அழகாகத் திருத்தினார்.
நான் ஏன் திருத்திக் கொடுத்தேன் என்று
பறக்கும் ரயிலில் கடற்கரை நிலையம் வரை
யோசித்துக்கொண்டே போனேன்.

பருவத்தின் கடைசி உரை, இயற்கை நீதி.
வழக்கறிஞர் மெஹருன்னிசா தமிழிலேயே பேசினார்.
பெருங்குடிக் குப்பைமேட்டுக் காற்று உள்ளே வர
நாங்கள் ஜன்னலைச் சாத்தினோம்.
"ஒருத்தர் சொல்றதக் கேக்காம அவரத் தண்டிக்காத,
இதுக்கு லத்தீன் எதுக்கு?" என்றார்.
கடைசி வரிசையிலிருந்து யாரும் என்னிடம் அர்த்தம் கேட்கவில்லை.

கேள்வி நேரம்.
முதல் கேள்வி கேள்வியே இல்லை, பதினொரு நிமிடம்.
மைக்கின் பேட்டரி அதிலேயே பாதி போயிற்று.
அப்புறம் வாளிக்குப் பக்கத்தில் ஒரு கை,
முழுக் கை இல்லை, பேனா பிடித்த விரல்கள் மட்டும்.

மைக்கை நீட்டினேன்.
வாங்காமல், என் கையில் இருந்ததைப் பார்த்துக் குனிந்தார்.
"கேக்காம தண்டிக்கக் கூடாதுங்கறது
யூனிபார்ம்காரங்களுக்கும் உண்டுங்களா?

தெரிஞ்சவர் ஒருத்தர். பந்தோபஸ்துல தல சுத்தி
பஸ் ஸ்டாப் நிழல்ல ஒதுங்குனார். மெமோ.
விளக்கம் எழுதிக் குடுத்தார், நாலு பக்கம்.
உத்தரவு வந்த அப்புறம் போய்ப் பாத்தா
கவர் ஒட்டுனது ஒட்டுனபடியே இருக்கு.
மூணு வருஷ இன்கிரிமென்ட் போச்சுங்க."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள்.
மெஹருன்னிசா கண்ணாடியைக் கழற்றினார்.
"உண்டு" என்றார். பிறகு நிறையச் சொன்னார்,
எங்கே போகவேண்டும், என்ன எழுதவேண்டும்,
தாமதம் ஆகியிருந்தால் அதை எப்படிச் சொல்வது.
வழக்கமாக ஒரு தும்மலையும் விடாமல் எழுதுகிறவர்
நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு
வெறுமனே கேட்டார்.
சமோசா பில்லின் பின்பக்கம் நான் எழுதினேன்.

எல்லோரும் போனபின்
பில்லை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.
நோட்டைத் திறந்தார். ரொம்ப நேரம்.
"மேடம், கடைசியாக் கேட்டது யாருன்னு போடட்டும்?"

"பொதுமக்கள்னு போடுங்க சார்."

போட்டார்.
வாளி நிரம்பியிருந்தது.
போகும்போது அவர்தான் எடுத்துப் போய்க்
குரோட்டன்ஸ் செடிக்கு ஊற்றினார்.