பயணி: மணல்

நோட்டில் பயணி என்ற கட்டத்தில்
பதினோரு தடவை மணல் என்றே எழுதியிருக்கிறது.
எடை, நாற்பத்தைந்து கிலோ.
இன்வெர்ட்டர் கடையில் பில் போடும் அதே சாய்ந்த எழுத்து,
அதே நீல மை.
ஐந்தாம் தடவை: வலது பின்மோட்டார் சூடு. காரணம்: பேரிங்.
எட்டாம் தடவை: இடப்பக்கம் சாய்கிறது. காரணம்: மூட்டை நகர்ந்தது.
பத்தாம் தடவை: தாமதம். காரணம்: நாய்.

எட்டு மோட்டார். அலுமினியச் சட்டம்.
விபத்தில் நொறுங்கிய நான்கு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்களின் பேட்டரியை
மேல்விஷாரம் அம்ஜத் பிரித்துப் போட்டு,
செல் செல்லாக வோல்ட் பார்த்து,
நுனி ஒடித்து வெண்டைக்காய் பொறுக்குவதுபோலப் பொறுக்கி
மறுபடி அடுக்கிக் கட்டியது.
நடுவில் நாற்காலி.
கல்யாண மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலிதான்,
காலை மட்டும் அறுத்துவிட்டார்கள்.
அதில் அறுநூறு கிராம் மிச்சம்.

செய்த சிகாமணிக்குத் தொண்ணூற்றிரண்டு கிலோ.
அம்ஜத்துக்கு எழுபத்தெட்டு,
நோன்பு முடிந்த கையோடு நிறுத்தால் எழுபத்தைந்து.
பழைய இரும்புக் கடைத் தராசில்
தெருவே ஒவ்வொருவராக ஏறி இறங்கியது.
ஷூ கம்பெனி வேனிலிருந்து இறங்கிய என்னை
சாப்பாட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டு
ஏறச் சொன்னார்கள்.
நாற்பத்து நான்கு.

பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம்
குறை என்று சொல்லிவிட்டுப் போன எண் அது.
அன்றைக்கு இரண்டு ஆண்பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ஒரு கிலோ இடிக்கிறதே, என்றார் சிகாமணி.
மணலுக்குத்தான் எல்லாம் செட் பண்ணி வைத்திருக்கிறேன்.
எனக்காக எதையும் மாற்றவில்லை.
ஒரு கிலோ மணலைச் சர்க்கரைக் கவரில் கட்டி
மடியில் வைத்துவிட்டார்.

ஆற்காட்டுப் பாலத்துக்கு மேற்கே, பாலாற்றில்,
சீமைக்கருவேலம் வெட்டிய இடத்தில்
விடிகாலை ஐந்தே முக்காலுக்கு
போலீஸ் வந்தது.
பைக்கில் இருவர்.
எட்டு விசிறிகளையும் சுற்றிப் பார்த்தார்கள்.
ஹெல்மெட்டும் பொட்டலமுமாக உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்கள்.
பிறகு மூட்டையைக் காட்டிக் கேட்டார்கள்:
மணலை எங்கய்யா கொண்டுபோறீங்க?

எங்கேயும் இல்லை சார். மேலே. அப்புறம் இங்கேயேதான்.

அவிழ்த்துக் கொட்டச் சொன்னார்கள்.
பதினோரு தடவை பறந்த மணல்
பறக்காத மணலோடு போய்ச் சேர்ந்தது.
பறப்பதற்கு அனுமதி உண்டா என்று கேட்கவே இல்லை,
அந்தக் கேள்வி அவர்கள் நோட்டில் கிடையாது போல.
என் மடியில் இருந்ததையும் விட்டுவிட்டார்கள்.

அப்புறம்
எட்டு மிக்சி தேங்காய் போடாமல் ஓடுகிற சத்தம்.
நாற்காலி ஒரு பக்கமாக நடுங்கியது.
அம்மா என்றேனோ என்னவோ, எனக்கே கேட்கவில்லை.
தரை விடவில்லை,
விடவில்லை,
விட்டது.

ஒரு முருங்கை மர உயரம்.
அதற்கு மேல் போகாதபடி கயிறு.
பாலாற்றில் தண்ணீர் இல்லை,
ஆனால் வந்தால் எந்தப் பக்கம் வளையும் என்று
மணலில் தெளிவாக இருந்தது.
தினம் இரண்டு வேளை பாலத்தில் போய்வந்தும்
நான் பார்க்காத வளைவு.
தூரத்தில் தோல் கம்பெனிப் புகைபோக்கி
அதே உயரம்தான், கொஞ்சமும் குறையவில்லை.
கீழே,
பயப்படாதே பயப்படாதே என்று ஒரு மாதமாகச் சொன்னவர்
தலையைப் பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தார்.
ரிமோட் பிடித்த அம்ஜத்தின் உதடுகள்
நிற்காமல் அசைந்துகொண்டிருந்தன.

ஒரு நிமிடம் ஐம்பது வினாடி.
பேட்டரி கீச்சிட்டது. இறங்கினேன்,
கொஞ்சம் தடாலென்றுதான்.
பல் பட்டு நாக்கில் ரத்தம்.

திங்கட்கிழமை, கடைக்காரர் இல்லாத நேரம்,
நோட்டைப் புரட்டினேன்.
பன்னிரண்டாம் தடவை.
பயணி: கோமளவல்லி 44, மணல் 1.
சூடு: இல்லை.
இறக்கம்: கடினம். காரணம்: காற்று.
அதற்கும் கீழே, கோடு முடிந்த இடத்தில்,
பொடி எழுத்தில்:
மேலே இருக்கும்போது பயணி சிரித்தார்.
காரணம் தெரியவில்லை.
பார்க்க வேண்டும்.